மணலும் ஈரத்துண்டும்

1

தூக்கம் வராத ராத்திரிகளில் நான் பார்ப்பது பழைய வண்டி பாகங்களைப் புதுசாக்கும் வீடியோக்கள். நாற்பது வருஷம் எண்ணெயையும் புழுதியையும் குடித்துக் கறுத்துப்போன ஒரு கார்புரேட்டரை, கண்ணாடி வைத்த இரும்புப் பெட்டிக்குள் வைப்பார்கள். பெட்டியின் முன்பக்கம் இரண்டு ஓட்டைகள். அவற்றில் உள்நோக்கித் தொங்கும் நீளமான ரப்பர் கையுறைகள். கைகளை அதற்குள் நுழைத்து, ஒன்றில் கார்புரேட்டரையும் மற்றொன்றில் துப்பாக்கி மாதிரியான ஒரு குழலையும் பிடித்துக்கொண்டு காலடியில் இருக்கும் பெடலை மிதித்தால், சாம்பல் நிறத் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். பட்ட இடமெல்லாம் கறுப்பு விலகும். உள்ளேயிருந்து அலுமினியம், அது வார்க்கப்பட்ட அன்றைக்கு இருந்த நிறத்தோடு, கண்ணைக் கூசாத ஒரு மெருகோடு வெளியே வரும்.

இதற்கு வெட் பிளாஸ்டிங் என்று பெயர். வேப்பர் பிளாஸ்டிங் என்றும் சொல்கிறார்கள். பெயரில்தான் வேப்பர், உள்ளே ஆவி எதுவும் கிடையாது. தண்ணீர், பொடிப்பொடியான கண்ணாடி மணிகள், கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்று, அவ்வளவுதான். எல்லோரும் அந்தக் கார்புரேட்டரைப் பார்ப்பார்கள். நான் பார்ப்பது அந்த மனிதரின் முகத்தை. அவருடைய மூக்கில் துணி எதுவும் கட்டியிருக்காது. பக்கத்து மேஜையில் டீ கூட இருக்கும்.

நான் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங், கோயமுத்தூரில். இப்போது செய்வது சாஃப்ட்வேர் வேலை. மூன்றாம் வருஷம் இன்பிளான்ட் ட்ரெயினிங் என்று ஊருக்கு வெளியே ஒரு பட்டறைக்கு அனுப்பினார்கள். வார்ப்பு இரும்புப் பாகங்களைப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் சுத்தம் செய்துதரும் இடம். பின்பக்கம், தகரக் கொட்டகைக்குள், ஒருவர் ஹோஸைப் பிடித்து மணலை அடித்துக்கொண்டிருந்தார். சலித்த ஆற்றுமணல். கொட்டகையே ஒரு வெள்ளை மேகமாக இருந்தது. அவர் மூக்கையும் வாயையும் சுற்றி ஒரு துண்டு கட்டியிருந்தார். அரைமணிக்கு ஒருமுறை வெளியே வந்து, குடத்துத் தண்ணீரில் அதை நனைத்துப் பிழிந்து மறுபடியும் கட்டிக்கொள்வார்.

எனக்கு அப்போது எல்லாவற்றுக்கும் தீர்வு தெரியும் வயசு. "ஏனுங்ணா, மணலோடயே தண்ணிய கலந்து அடிச்சா தூசி வராதில்ல?" என்று கேட்டேன்.

அவர் துண்டை இறக்கிவிட்டுச் சிரித்தார். "தண்ணி பட்டா இரும்பு துருப் புடிக்கும் தம்பி. அப்புறம் அதை யாருங்க தொடைக்கறது?"

பொறியியல்படி அது சரியான பதில். எனக்கும் மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை. பல வருஷம் கழித்து, அந்த வீடியோக்களில் ஒன்றைப் பார்க்கும்போதுதான் உறைத்தது. தண்ணீர் அந்தக் கொட்டகையிலும் இருந்தது. இயந்திரத்தில் இல்லை, அவர் முகத்துத் துண்டில் இருந்தது. இயந்திரத்தில் இருக்கவேண்டிய தண்ணீர் ஒரு மனிதனின் முகத்துக்கு எப்படிப் போனது? இதைத் தேடப் போனபோது எனக்குக் கிடைத்தது நூற்றைம்பது வருஷக் கதை.

2

கதை அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் தொடங்குகிறது. பெஞ்சமின் ச்யூ டில்மன் 1821-ல் பிறந்தவர். சோதனைகள் செய்துபார்ப்பதில் தீராத ஆர்வம் கொண்டவர். அவரும் வேதியியலாளரான அவர் சகோதரர் ரிச்சர்டும் சேர்ந்தே பல வேலைகளைச் செய்தார்கள். மரத்திலிருந்து காகிதக்கூழ் எடுக்கும் சல்ஃபைட் முறைக்கு 1867-ல் காப்புரிமை வாங்கியவர் இந்த டில்மன்தான். காகிதத்தின் வரலாற்றில் இது ஒரு பெரிய திருப்பம். அந்த ஒன்று போதும், அவர் பெயர் நிற்பதற்கு.

இரண்டுக்கும் முன்னால் அவர் ஒரு ராணுவ அதிகாரி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பில் பென்சில்வேனியாவின் 26-வது படைப்பிரிவில் இருந்தார். 1863 மே மாதம் சான்சலர்ஸ்வில் சண்டையில் காயம்பட்டார். அதன்பிறகு அவருக்குக் கொடுக்கப்பட்டது கறுப்பினச் சிப்பாய்கள் மட்டுமே கொண்ட 3-வது படைப்பிரிவின் தலைமை. தென் கரோலினாவின் மணல்தீவுகளில், வாக்னர் கோட்டை முற்றுகையில், அந்தச் சிப்பாய்கள் குண்டுமழைக்கு நடுவே பதுங்குகுழி வெட்டினார்கள்.

பாலைவனத்தில் மணற்காற்று அடித்து அடித்து ஜன்னல் கண்ணாடி மங்கிப்போனதைப் பார்த்துத்தான் டில்மனுக்கு அந்த யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். நியூட்டனின் ஆப்பிள் மாதிரி ஒரு கதை. அது எப்படியோ போகட்டும். 1870 அக்டோபர் 18-ம் தேதி அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை எண் 108,408 வழங்கப்பட்டது. கல், உலோகம், கண்ணாடி ஆகியவற்றை வெட்டவும் செதுக்கவும் ஒரு புதிய வழி. உளி வேண்டாம், சுத்தியல் வேண்டாம். மணலை வேகமாக வீசினால் போதும். ஒரு மணல்துகள் கல்லில் மோதினால் கண்ணுக்குத் தெரியாத ஒரு சில்லு பெயரும். கோடிக்கணக்கில் மோதினால் கல் வெட்டுப்படும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கடினமான பொருட்களைத்தான் மணல் தின்னும். ரப்பர், காகிதம், சரிகைத்துணி மாதிரி மெத்தென்று இருப்பவற்றில் பட்டால் எகிறிக் குதித்துவிடும். ஆகவே கண்ணாடியின் மேல் ஒரு துணிப்பின்னலை வைத்து மணலை அடித்தால், துணி அப்படியே இருக்கும், கண்ணாடியில் அதன் பூவேலை பதிந்துவிடும். ஒரு பெரணி இலையை வைத்தும் செய்துகாட்டினார்கள். இன்றைக்கு நம் வீட்டு மங்கல் கண்ணாடிக் கதவுகளில் கொடியும் மயிலும் வருவது இதே முறையில்தான்.

நான் சொல்லவந்தது இன்னொன்று. அந்தக் காப்புரிமையில், மணலை எதைக்கொண்டு வீசலாம் என்று டில்மன் ஒரு பட்டியல் தருகிறார். நீராவி, காற்று, தண்ணீர்.

மூன்றாவது சொல்லைக் கவனியுங்கள். தண்ணீர் பின்னால் வந்த கண்டுபிடிப்பு அல்ல. முதல் நாள், முதல் ஆவணத்திலேயே இருந்தது. மணலுக்கு மாற்றும் வெகுகாலம் காத்திருக்கவில்லை. உருகிய இரும்பைச் சட்டென்று குளிர்வித்துச் செய்யும் கெட்டியான இரும்புக் குண்டுமணிகளை அதே 1870-களில் டில்மனே கொண்டுவந்துவிட்டார். ஆக, தண்ணீரும் மாற்றுப் பொருளும் ஆரம்பத்திலேயே மேஜைமேல் இருந்தன. உலகம் எடுத்துக்கொண்டது காற்றையும் மணலையும். இரண்டும் மலிவு, இரண்டும் வேகம்.

3

அந்த வேகத்துக்கு முதலில் கிடைத்த பெரிய வேலைகளில் ஒன்று கல்லறைக் கல்.

உள்நாட்டுப் போரில் இறந்த வடக்குச் சிப்பாய்கள் கிட்டத்தட்ட 3 லட்சம் பேரின் உடல்களை 1870 வாக்கில் தேசியக் கல்லறைகளுக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். அவர்கள் தலைமாட்டில் நின்றவை மரப்பலகைகள். சில வருஷத்தில் உளுத்துப்போகும், மாற்ற வேண்டும். 1873-ல் போர்த்துறைச் செயலர் பெல்க்நாப் கல்லுக்கு ஒரு வடிவத்தை முடிவு செய்தார். 4 அங்குலத் தடிமன், 10 அங்குல அகலம், தரைக்கு மேல் 12 அங்குல உயரம், தலைப்பக்கம் லேசான வளைவு. பெயர் தெரிந்த சிப்பாய்க்கு ஒரு கேடயக் குழிவும் அதற்குள் புடைத்து நிற்கும் எழுத்துகளும்.

லட்சக்கணக்கான கல், ஒவ்வொன்றிலும் வேறு வேறு பெயர். கையுளியால் செதுக்கினால் ஒரு தலைமுறை ஆகியிருக்கும். வெர்மான்ட் மாநிலத்தின் வெஸ்ட் ரட்லண்டில் இருந்த சலவைக்கல் தொழிற்சாலையில் இதை மணலுக்குக் கொடுத்தார்கள். வார்ப்பிரும்பு எழுத்துகளைக் கல்லின்மேல் அடுக்கி மணலை வீசினால், எழுத்துக்கு அடியில் இருக்கும் கல் தப்பும், சுற்றியிருப்பது தேயும். பெயர் புடைத்து எழும். உளிக்காரர் ஒருநாள் முழுக்கச் செய்வதை இந்த முறை சில நிமிஷங்களில் முடித்துவிட்டது.

போரில் காயம்பட்ட ஒரு அதிகாரியின் கண்டுபிடிப்பு, அந்தப் போரில் செத்தவர்களின் பெயரைக் கல்லில் எழுதியது. நல்ல முடிவாகத்தான் இருக்கிறது, கதை இங்கேயே முடிந்திருந்தால். ஆனால் கல்லிலிருந்து தேய்ந்துபோன பகுதி எங்கே போனது? மோதி உடைந்த மணல் எங்கே போனது?

4

டில்மன் காப்புரிமை வாங்கிய அதே 1870-ல், இத்தாலியில் மிலான் நகரத்துப் பெரிய மருத்துவமனையில் பிணங்களை அறுத்து ஆராயும் பொறுப்பில் இருந்த அக்கீலே விஸ்கோன்டி என்ற மருத்துவர், ஒரு நோய்க்குப் பெயர் வைத்தார். சிலிக்கோசிஸ். லத்தீனில் சிலெக்ஸ் என்றால் சிக்கிமுக்கிக் கல். நுரையீரலுக்குள் கல்தூசி போய்ச் சேர்வதால் வரும் நோய்.

நோய் புதுசு இல்லை. 1556-ல் வெளியான சுரங்கத் தொழில் பற்றிய தன் நூலில், ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா, கார்பேத்திய மலைச் சுரங்கப் பகுதிகளில் ஒருவர் பின் ஒருவராக ஏழு கணவர்களைப் பறிகொடுத்த பெண்கள் இருந்ததாக எழுதியிருக்கிறார். தூசி கணவர்களைத் தின்றது. பெயர் கிடைக்கத்தான் முந்நூறு வருஷத்துக்கு மேலாகியிருக்கிறது. பெயர் கிடைத்த வருஷமே, அந்தத் தூசியை முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் உற்பத்தி செய்யும் இயந்திரமும் பிறந்திருக்கிறது. இருவருக்கும் ஒருவரையொருவர் தெரிந்திருக்க எந்த முகாந்திரமும் இல்லை.

தூசி என்ன செய்யும் என்பதை ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு மணல்துகளை எடுத்துக்கொள்வோம். அது முழுக்க 5 மைக்ரான் துணுக்குகளாக நொறுங்குகிறது என்று வைத்துக்கொண்டால், நூறு பெருக்கல் நூறு பெருக்கல் நூறு, பத்து லட்சம் துணுக்குகள். ஒரே மணலிலிருந்து. நம் தலைமுடியின் தடிமன் சுமாராக 70 மைக்ரான். பெரிய தூசி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியாக வெளியே வந்துவிடும். 5 மைக்ரானுக்குக் கீழே இருப்பது நேராக நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். அதுவும் கண்ணுக்கே தெரியாது. அந்தக் கொட்டகையில் நான் பார்த்த வெள்ளை மேகம் ஆபத்தின் வெளிப்பக்கம் மட்டும்தான்.

இன்னொன்று. 1 மைக்ரான் குவார்ட்ஸ் துணுக்கு அசைவில்லாத காற்றில் ஒன்றரை மீட்டர் இறங்க 5 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். காலையில் அடித்த மணல், மத்தியானம் பெருக்க வருகிறவரின் மூச்சுக்காகக் காற்றிலேயே காத்திருக்கும்.

உள்ளே போன துணுக்கை உடம்பின் காவல் அணுக்கள் விழுங்கும். விழுங்கிய அணு, சிலிக்காவைச் செரிக்க முடியாமல் தானே செத்துப்போகும். சாகும்போது அழற்சியைத் தூண்டும் பொருட்களைக் கொட்டிவிட்டுப் போகும். துணுக்கு அப்படியே இருக்கும். அடுத்த காவல் அணு வரும், விழுங்கும், சாகும். ஒவ்வொரு முறையும் ஒரு தழும்பு. பஞ்சு மாதிரி இருந்த நுரையீரல் மெல்ல மெல்லத் தழும்புகளின் முடிச்சாகிவிடும். வேலையை விட்டு நின்றாலும் இது நிற்காமல் போகலாம். காசநோய் வரும் வாய்ப்பும் கூடும். பல நோயாளிகளுக்குக் காசநோய் என்று மட்டுமே எழுதிவிட்டுக் கோப்பை மூடிவிட இது வசதியாகவும் இருக்கிறது. சிலிக்கோசிஸை இன்றுவரை முழுசாகக் குணப்படுத்த மருந்து கிடையாது.

ஈரத்துண்டு? பெரிய தூசியைப் பிடிக்கும். அதனால் மூக்கு எரிவது குறையும், பாதுகாப்பாக இருப்பது மாதிரி தோன்றும். கொல்லுகிற தூசி துணியின் இழைகளுக்கு நடுவே தாராளமாகப் போய்வரும்.

5

தண்ணீர் தூசியை அடக்கும் என்பதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானி தேவையில்லை. நம் வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்குகிறவர்களுக்குத் தெரிந்த விஷயம். பிறகு ஏன் பட்டறைகளில் அதைச் சேர்க்கவில்லை? எங்கள் பட்டறை அண்ணன் சொன்ன காரணம் உண்மையானது. ஈரப்பட்ட இரும்பு கண்முன்னாலேயே துருவேறும். ஈரமணல் குழாயில் அடைத்துக்கொள்ளும். மணல்கலந்த தண்ணீரைத் தள்ளும் பம்ப்பை அந்த மணலே தின்றுவிடும். வேகமும் கொஞ்சம் குறையும். எல்லாமே நிஜமான சிக்கல்கள், ஆனால் எல்லாமே தீர்க்கக்கூடிய சிக்கல்கள். தீர்ப்பதற்குக் காசு செலவாகும் என்பதுதான் விஷயம்.

சாஃப்ட்வேரில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு எர்ரர் வந்தால் அதைப் பிடித்துச் சரிசெய்யவேண்டும், அல்லது 'என் வேலை இல்லை' என்று மேலே தூக்கி எறிந்துவிடலாம். எறிந்தால் வேறு யாரோ ஒருவர் அதைப் பிடித்தாக வேண்டும். துரு முதலாளியின் கணக்கில் வரும் எர்ரர். தூசி தூக்கி எறியப்பட்ட எர்ரர். அதைப் பிடித்தது நுரையீரல்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பார்க்க, மணல்வீச்சை விட்டுக் கொஞ்சம் விலகி, பாறை துளைக்கும் வேலைக்குப் போகவேண்டும். அங்கேயும் அதே தூசி, அதே தண்ணீர். பாறையில் துளைபோடும் காற்று இயந்திரங்களுக்கு அமெரிக்கச் சுரங்கங்களில் ஒரு பட்டப்பெயர் இருந்தது: விதவையாக்கி. ஜான் ஜார்ஜ் லைனர் என்பவர் 1890-களின் கடைசியில், துளையிடும் கம்பியின் நடுவே ஓட்டைபோட்டு அதன் வழியாகத் தண்ணீரைச் செலுத்தும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். தூசி பாறைக்குள்ளேயே சேறாகிவிடும். ஆக, முப்பது வருஷம் பழகிய தொழில்நுட்பம் கையில் இருந்தபோதுதான் ஹாக்ஸ் நெஸ்ட் நடந்தது.

1930-ல் மேற்கு வர்ஜீனியாவில், காலி பிரிட்ஜ் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு மலையைக் குடைந்து கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டினார்கள். ஆற்றைத் திருப்பி மின்சாரம் எடுத்து ஒரு உலோக ஆலைக்குக் கொடுக்கும் திட்டம். யூனியன் கார்பைடின் துணை நிறுவனம் ஒன்று செய்த வேலை. ஆமாம், 1984-ல் போபாலில் நமக்கு அறிமுகமான அதே யூனியன் கார்பைடு. வழியில் இருந்த பாறை கிட்டத்தட்ட சுத்தமான சிலிக்கா. அது ஆலைக்கே பயன்படும் மூலப்பொருள் என்பதால் கிடைத்தவரை லாபம்.

உலகப் பொருளாதாரம் சரிந்திருந்த நேரம். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தெற்கிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். ஈரத்துளைப்பு மெதுவானது என்று உலர்துளைப்பே நடந்தது என்றும், சுரங்கத்துக்குள் பத்தடி தள்ளி நிற்பவரைப் பார்க்க முடியாத அளவுக்குத் தூசி இருந்தது என்றும் பிழைத்தவர்கள் சாட்சி சொன்னார்கள். பத்து, இருபது வருஷம் எடுத்துக்கொள்ளும் நோய் அங்கே மாதங்களில் முடிந்தது. 1936-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது 476 பேர் இறந்ததாகச் சொல்லப்பட்டது. 1986-ல் மருத்துவர் மார்ட்டின் செர்னியாக் பதிவேடுகளைத் தோண்டிப் பார்த்து மதிப்பிட்டது 764. கவிஞர் மியூரியல் ருகைசர் அந்த ஊருக்கே போய், விசாரணைச் சாட்சியங்களையும் கலந்து ஒரு நெடுங்கவிதைத் தொடர் எழுதினார். 1938-ல் அது வெளிவந்தது.

தண்ணீரைக் கொண்டுபோவதற்காக வெட்டிய சுரங்கம் அது. அதில் துளைபோடத் தண்ணீர் இல்லாமல்போனது. அறுபது எழுபது வருஷம் முன்னால் டில்மனின் கீழே பதுங்குகுழி வெட்டியவர்களின் பேரப்பிள்ளை வயதில் இருந்தவர்கள் உள்ளே நின்றார்கள்.

6

1936 ஒரு திருப்பம். அமெரிக்காவில் தொழிலாளர் துறைச் செயலர் ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ் சிலிக்கோசிஸுக்காகவே ஒரு தேசிய மாநாடு கூட்டினார். அதே வருஷம் பிரிட்டனில் தொழிற்சாலை மருத்துவ ஆய்வாளர் மெரிவெதர், மணல்வீச்சுத் தொழிலாளர்களின் சிலிக்கோசிஸ் ஆபத்தைப் பற்றி எழுதினார். பிரிட்டன் 1949-ல் ஒரு விதிமுறை கொண்டுவந்தது. வார்ப்புகளைச் சுத்தம் செய்யும் வீச்சு இயந்திரங்களில் மணலையோ, தனிச் சிலிக்கா உள்ள வேறு எந்தப் பொருளையோ போடக்கூடாது. டில்மன் தொடங்கிய நிறுவனம் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் பிராட்ஹீத்தில் இயங்கிக்கொண்டிருந்த நாட்டிலேயே அவருடைய மணல் விலக்கப்பட்டது.

அமெரிக்கா அவ்வளவு தூரம் போகவில்லை. அரசின் தொழில்சார் நல ஆய்வு நிறுவனமான நியாஷ், மணல்வீச்சில் சிலிக்கா மணலைத் தடைசெய்யச் சொல்லி 1974-ல் பரிந்துரைத்தது. தடை வரவில்லை. 1992-ல் அதே நிறுவனம் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. மணல்வீச்சால் சிலிக்கோசிஸ் வந்த 99 பேரைப் பற்றியது. அதற்குள் 14 பேர் இறந்திருந்தார்கள். 2016-ல் காற்றில் இருக்கலாம் என்ற சிலிக்காவின் அளவை ஒரு கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராமாகக் குறைத்தார்கள். இந்தியாவில் 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் சிலிக்கோசிஸ் இடம்பெற்றிருந்தது. கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய். சட்டத்தில் இருப்பது கொட்டகைக்குள் வந்துசேர எவ்வளவு நாளாகும் என்பது வேறு விஷயம்.

இதற்கு நடுவில்தான் தண்ணீர் உள்ளே வந்தது. இரண்டாம் உலகப்போரை ஒட்டிய வருஷங்களில், அமெரிக்காவின் மில்வாக்கி நகரிலிருந்து 'லிக்விட் ஹோனிங்' என்ற பெயரில் ஒரு முறை விற்பனைக்கு வந்தது. பிரிட்டனில் இந்த முறையை வளர்த்தவராக நார்மன் வில்லியம் ஆஷ்வொர்த்தைச் சொல்கிறார்கள். சரி, கடைசியில் யாரோ நுரையீரலைப் பற்றி யோசித்துவிட்டார்கள் என்று நினைத்துத்தான் நான் இதைப் படிக்க உட்கார்ந்தேன்.

இல்லை. யோசித்தது உலோகத்தைப் பற்றி. அச்சுகள், வெட்டுக்கருவிகளின் முனைகள், விமான இன்ஜின் பாகங்கள் இவற்றுக்கெல்லாம் மிக நுணுக்கமான மெருகு தேவைப்பட்டது. அதற்கு மாவு மாதிரியான தூள் வேண்டும். மாவை உலர்காற்றில் வீசினால் கட்டிதட்டும், பறக்கும், குறிவைத்து அடிக்க முடியாது. தண்ணீரில் கலந்தால் சொன்னபடி கேட்கும்.

அந்த இயந்திரத்தின் உள்ளே நடப்பது ரொம்ப எளிமையானது. பெட்டியின் அடியில் புனல் மாதிரி ஒரு தொட்டி. அதில் தண்ணீரும் தூளும். ரப்பர் அல்லது பாலியூரித்தேன் பூசிய ஒரு பம்ப் இரண்டையும் கலக்கிக்கொண்டே துப்பாக்கிக்கு அனுப்பும். இரும்புப் பம்ப்பைத் தின்கிற மணல் ரப்பரை அவ்வளவு சீக்கிரம் தின்னாது. சரிகைத்துணி தப்பியது எப்படியோ, அதே தந்திரம். துப்பாக்கியின் வாயில் அழுத்தக் காற்று வந்து சேர்ந்து கலவையை வேகமாகத் தள்ளும். மோதும் ஒவ்வொரு துகளையும் சுற்றி ஒரு தண்ணீர்ப் படலம் இருக்கும். அது மெத்தை மாதிரி. துகள் பரப்பில் புதைந்து நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும், அழுக்கை அள்ளிக்கொண்டே போகும். மெத்தை இருப்பதால் துகளும் சீக்கிரம் உடையாது. உடைந்தாலும் அந்தத் துணுக்கு தண்ணீரோடு கீழே தொட்டிக்குப் போய்விடும். சுழலும் தண்ணீரில் கனமானதையும் லேசானதையும் பிரிக்கும் ஒரு கூம்பு, நொறுங்கிப்போனதை வெளியேற்றும். நல்லதை மறுபடியும் சுற்றுக்கு அனுப்பும். துருவுக்கு? தண்ணீரில் துருத்தடுப்பான் கலந்தால் போதும். இரும்பை உடனே காயவைத்துவிட வேண்டும். எங்கள் அண்ணன் கேட்டாரே, அதை யாரு தொடைக்கறது என்று. பதில் இவ்வளவுதான். ஒரு குப்பி ரசாயனமும் கொஞ்சம் சூடான காற்றும்.

கார்புரேட்டரின் அந்த மெருகுக்காக வந்த தண்ணீர், போகிறபோக்கில் ஒரு மனிதனின் மூச்சையும் காப்பாற்றியது. டீ குடித்துக்கொண்டு வேலை செய்ய முடிகிறது. மனிதனுக்காக மட்டும் கேட்டிருந்தால் அது எப்போது வந்திருக்கும் என்ற கேள்வியை என்னால் ஒதுக்கிவைக்க முடியவில்லை.

7

இதெல்லாம் பழைய கதை என்று தோன்றினால், உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். தொடையிலும் முழங்காலிலும் வெளுத்த ஜீன்ஸ் ஒன்று இருக்கும். புதிய துணியைப் பழசாகக் காட்ட, 2000-களில் துருக்கியின் சின்னச் சின்னப் பட்டறைகளில் கம்ப்ரஸர் வைத்து அதன்மேல் மணலை அடித்தார்கள். காற்றோட்டம் இல்லாத அறைகள், பதிவில் இல்லாத வேலை. வேலைக்குச் சேர்ந்தவர்களில் பலர் ஊரைவிட்டு வந்த இளைஞர்கள், சிலர் பதின்வயதுப் பையன்கள். இருபது வயசுக்காரர்கள் மூச்சிரைக்க மருத்துவமனைக்கு வரத்தொடங்கியபோது, துருக்கி மருத்துவர்கள் அது சிலிக்கோசிஸ் என்று எழுதினார்கள். சுரங்கத்தையே பார்க்காதவர்களுக்குச் சுரங்கக்காரர்களின் நோய். 2009-ல் துருக்கி அந்த முறையைத் தடைசெய்தது. 2010-ல் லீவைஸ், எச் அண்ட் எம் மாதிரியான பெரிய நிறுவனங்கள் கைவிடுவதாக அறிவித்தன. வேலையில் கொஞ்சம் பங்களாதேஷ் மாதிரியான இடங்களுக்கு நகர்ந்தது. எர்ரரை மறுபடியும் மேலே தூக்கி எறிந்தார்கள்.

தண்ணீரை நான் கடவுளாக்க விரும்பவில்லை. ஈரவீச்சு தூசியைக் குறைக்கும், ஒழித்துவிடாது. திறந்தவெளியில் அடிக்கும்போது தெறிக்கும் பனித்துளி காற்றிலேயே காய்ந்தால், உள்ளே இருந்த துணுக்கு விடுதலையாகிவிடும். தொட்டியின் சேறு தரையில் காய்ந்தால், அடுத்தநாள் பெருக்கும்போது தூசியாக எழும். அந்தச் சேற்றில் பழைய பெயின்ட்டின் ஈயமும் இருக்கலாம். அதனால் தண்ணீர் சேர்த்தாலும் சிலிக்கா மணலைத் தொடாதே, தேவையான இடத்தில் சரியான சுவாசக் கவசம் போடு என்றுதான் விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். முதலில் பொருளை மாற்று, பிறகு இயந்திரத்தை மாற்று, கடைசியாகத்தான் மனிதனின் முகத்தில் எதையாவது கட்டு. பாதுகாப்புப் பொறியியலின் அரிச்சுவடி இது. நான் பார்த்த கொட்டகையில் இந்த வரிசை அப்படியே தலைகீழாக இருந்தது. முகத்தில் ஆரம்பித்து முகத்திலேயே முடிந்துபோயிருந்தது.

அந்த ட்ரெயினிங்குக்கு நான் எழுதிக்கொடுத்த ரிப்போர்ட் இன்னும் வீட்டில் இருக்கிறது. ஸ்பைரல் பைண்டிங், நாற்பது பக்கம். மணல்வீச்சுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். கம்ப்ரஸரின் கொள்ளளவு, நாஸிலின் விட்டம், ஒரு மணி நேரத்தில் எத்தனை சதுரமீட்டர் சுத்தமாகும், எல்லாம் இருக்கிறது. குறைகள் என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி: ஈரம் சேர்த்தால் துருப்பிடிக்கும். எனக்கு நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள். ஹோஸைப் பிடித்து நின்றவரைப் பற்றியோ அவர் துண்டைப் பற்றியோ அந்த நாற்பது பக்கத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டியதைத்தான் இவ்வளவு நீளமாக இப்போது எழுதியிருக்கிறேன்.